மீட்டிங்கில் அழுதுவிட்டேன், இனி என்னை எப்படிப் பார்ப்பார்கள்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஒரு ஆர்டரை ஆரம்பத்திலிருந்து அனுப்பும் வரை பார்த்துக்கொள்பவர்) இருக்கிறேன். ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுப்புத் துணியில், சாயம் மாறிப்போய் ஷிப்மென்ட் தள்ளிப்போய்விட்டது. அதைப் பற்றிப் பேசிய மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து முதலாளி முன்னைவிடக் கனிவாகப் பேசுகிறார். ஆனால் அடுத்து பையர் (ஆர்டர் கொடுப்பவர்) வந்தபோது என்னை விட்டுவிட்டு வேறொருவரை உட்காரவைத்தார். ஒருவர் அழுதால் மற்றவர்கள் அவரைப் பார்க்கும் விதம் உண்மையிலேயே மாறிவிடுமா?

பதில்:

மாறும். முதலாளியின் கனிவை ஒரு பக்கமும், பையர் மேசையில் இடம் போனதை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு எதை நம்புவது என்று குழம்புகிறீர்கள். எனக்குத் தெரிந்த வரையில் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரைக் காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கோவையில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் உளவியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்று கோபிசெட்டிபாளையத்துக்கு வந்த பிறகும் வகுப்பெடுக்கும் புத்தி போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணீரைப் பற்றி முதலில் தவறாகச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, சார்ல்ஸ் டார்வின். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872இல் அவர் எழுதிய நூலில், அழும்போது வரும் கண்ணீருக்குத் தனியாக ஒரு பயனும் கிடையாது, கண்ணில் அடிபட்டால் நீர் வழிவதைப் போல அதுவும் ஒரு பக்கவிளைவுதான் என்றார். அழுகிறவரின் கண்ணுக்குள்ளேயே பயனைத் தேடியதால்தான் அவருக்கு அது கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். பயன் எதிரில் நிற்கிறவரிடம் இருக்கிறது.

அதை மிக எளிமையாகக் காட்டியவர் ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்கர். 2009இல் வெளியான ஆய்வு. அழுகிறவர்களின் புகைப்படங்களை எடுத்து, கணினியில் கண்ணீரை மட்டும் நீக்கிவிட்டுப் பலரிடம் காட்டினார். புருவம், உதடு, கன்னம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கண்ணீர் மட்டும் இல்லை. பார்த்தவர்களுக்கு அந்த முகங்களில் துயரம் குறைந்து தெரிந்தது. சில முகங்களைப் பார்த்து யோசனையில் இருக்கிறார் போலிருக்கிறது, எதையோ கண்டு வியக்கிறார் போலிருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். நாம் 'சோகமான முகம்' என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த இரண்டு சொட்டு நீருக்குத்தான் போகிறது. நான்கு ஆண்டு கழித்து நெதர்லாந்தில் வேறொரு குழு, படத்தை வெறும் 50 மில்லி விநாடி மட்டும் காட்டிப் பார்த்தது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு அது. அதற்குள்ளேயே, கண்ணீர் உள்ள முகத்தை 'இவருக்கு ஆதரவு தேவை' என்று விரைவாக அடையாளம் கண்டுவிட்டார்கள். உங்கள் மீட்டிங்கில் நீங்கள் துப்பட்டாவை எடுத்துத் துடைப்பதற்கு முன்பே எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

பிறந்த குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். வீடே அதிரக் கத்தும். ஆனால் முதல் சில வாரங்களில் கண் ஈரமாவதில்லை. சத்தம் தூரத்தில் இருக்கும் தாயைக் கூப்பிடுவதற்கு. கண்ணீர் பிறகு வருகிறது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவைப்பதற்கு. வளர வளரச் சத்தம் குறைந்து கண்ணீர் மிஞ்சுகிறது. டில்பர்க் பல்கலைக்கழகத்தில் அழுகையைப் பற்றியே பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அட் விங்கர்ஹூட்ஸ் இதை வலியுறுத்திச் சொல்கிறார்: ஊரையே கூட்டாமல், அருகில் இருப்பவரிடம் மட்டும் சொல்லும் செய்தி கண்ணீர்.

என்ன செய்தி? 2021இல் வெளியான ஆய்வு ஒன்று 41 நாடுகளில் 7,007 பேரிடம் நடத்தப்பட்டது. ஒரே ஆளின் முகத்தைக் கண்ணீரோடும் கண்ணீர் இல்லாமலும் காட்டி, இவருக்கு உதவ முன்வருவீர்களா என்று கேட்டார்கள். கண்ணீர் இருந்தால் உதவும் எண்ணம் கூடியது; ஊர் மாறினாலும் போக்கு ஏறக்குறைய அதேதான். காரணங்களையும் பிரித்துப் பார்த்தார்கள். அழுகிறவர் அன்பானவராகத் தெரிகிறார். அவரோடு நமக்கு ஒரு நெருக்கம் உண்டாகிறது. கூடவே, அவர் தன் கையால் சமாளிக்க முடியாத நிலையில் இருப்பவராகவும் தெரிகிறார்.

உங்கள் பிரச்சினை இந்தக் கடைசிக் காரணத்தில்தான் இருக்கிறது. 'இவருக்கு நான் துணை நிற்க வேண்டும்' என்று ஒருவரைப் பற்றி நினைத்த பிறகு, அதே மூச்சில் 'இவர் எனக்குத் துணை நிற்பார்' என்று நினைப்பது மனிதருக்கு எளிதில் வராது. உங்கள் முதலாளி உங்களை வெறுக்கவில்லை. 'பாவம், அந்தப் பெண் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறாள், மறுபடியும் அந்த மேசையில் உட்காரவைத்து ஏன் வாட்ட வேண்டும்' என்று நினைத்திருப்பார். கனிவுதான் உங்களை எழுப்பி வேறொருவரை உட்காரவைத்தது என்று நான் ஊகிக்கிறேன். கோபமாக இருந்தால் சண்டை போட்டு இடத்தை வாங்கிவிடலாம்; கனிவோடு சண்டை போடுவது கடினம்.

சக மனிதரை நாம் எடை போடும்போது முக்கியமாக இரண்டைப் பார்க்கிறோம்: இவர் நமக்கு நல்லது நினைப்பவரா, நினைத்ததைச் செய்யும் திறம் உள்ளவரா. சூசன் ஃபிஸ்க் முதலான உளவியலாளர்கள் 2002இல் இதை விரிவாக எழுதினார்கள். முதலாவதில் உயர்ந்தும் இரண்டாவதில் தாழ்ந்தும் தெரிகிறவர்களுக்கு நாம் கொடுப்பது இரக்கம். மதிப்பு வேறு கணக்கு. 2017இல் நெதர்லாந்துக்காரர்கள் இதை வைத்து, கண்ணீர் வடிப்பவர் அன்பானவராகவும், ஆனால் திறமை சற்றுக் குறைந்தவராகவும் தெரிகிறார் என்று எழுதினார்கள். படித்தால் உங்களுக்கு வயிறு கலங்கும். பொறுங்கள். அடுத்த ஆண்டே அவர்களில் சிலரும் வேறு சிலரும் சேர்ந்து அதைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தார்கள். அன்பானவராகத் தெரிவது மறுபடியும் உறுதியானது. திறமை குறைவாகத் தெரிவது உறுதியாக நிற்கவில்லை. தங்கள் முடிவைத் தாங்களே சோதித்து, 'அநேகமாக இல்லை' என்று கட்டுரைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஆராய்ச்சி உலகில் இந்த நேர்மை அடிக்கடி கிடைப்பதில்லை என்பதால் எனக்கு அந்தக் கட்டுரைமேல் தனிப் பிரியம். அதாவது, கண்ணீர் தானாகவே உங்கள் திறமையைக் கழிப்பதில்லை. எங்கே, எதற்காக, யார் முன்னால் என்பதைப் பார்த்துப் பார்ப்பவர்தான் கூட்டிக் கழிக்கிறார்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடம் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இகழ்வது, உடைமையோ உயிரோ இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இழவுக்கு அழுதால் ஊர் கூடி அழும். இளிவுக்கு அழுதால் சுற்றியிருப்பவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்களுடையது இளிவு.

இழவு வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டு அழுகையைப் பேச முடியாது. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் பெண்கள் வழியெல்லாம் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். பந்தல் கண்ணில் பட்டதும் குரல் எழும்பும். உள்ளே போய்க் கட்டிப்பிடித்து, தோளில் தலை சாய்த்து, ஒப்புச் சொல்லி அழுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, 'வெயிலுக்கு முன்னாடி எடுத்துவிடுவீர்களா' என்று விசாரிப்பார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் நடிப்பு என்பார். அது நடிப்பு இல்லை, முறை. அந்தக் கண்ணீரை வைத்து யாரும் துக்கத்தை அளப்பதில்லை. வந்தாயா, கூட நின்றாயா என்பதைத்தான் அளக்கிறார்கள்.

அன்று ஆத்தா, அதாவது என் பாட்டி, அழவில்லை. எத்தனை படி அரிசி வேண்டும் என்று சொன்னாள். கட்டுத்தரையில் மாடுகளுக்குச் சோளத்தட்டு போட்டாயிற்றா என்று கேட்டாள். ஈரோட்டிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர ஆள் அனுப்பினாள். மாலைக்குள் 'கல்நெஞ்சுக்காரி' என்ற பேச்சு கிணற்றடி வரை வந்துவிட்டது. கருமாதிக்குள் அந்தப் பேச்சு வளர்ந்து, அவளுக்கும் அப்பாருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை என்ற வரலாறாகவே மாறிவிட்டது. தனியாக இருக்கும்போது அழுதிருப்பாள் என்று என் அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது தோன்றுகிறது, அதுவும் ஆத்தாவைக் காப்பாற்ற நாங்களாகக் கட்டிய கதையாக இருக்கலாம். அழாதவள் அன்பில்லாதவள் என்ற கணக்கை எங்களாலும் விட முடியவில்லை. அதற்குள் நின்றுகொண்டுதான் அவளுக்காக வாதாடினோம். ஆத்தா அழுது நான் பார்த்ததே இல்லை.

அழாமல் இருப்பதற்கு ஊர் விதிக்கும் அபராதம் சில சமயம் சிறை வரைக்கும் போகும். 1980 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அருகே கூடாரத்தில் தங்கியிருந்த லிண்டி சேம்பர்லைன் என்ற தாயின் ஒன்பது வார மகளை டிங்கோ எனும் காட்டு நாய் தூக்கிச் சென்றது. தொலைக்காட்சியில் அந்தத் தாய் நிதானமாகப் பேசினார், உடைந்து அழவில்லை. பெற்றவள் இப்படியா இருப்பாள் என்று நாடே பேசியது. 1982இல் கொலைக்குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை. குழந்தையின் சட்டை கிடைத்து 1986இல் விடுதலை ஆனார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்ததோ 2012இல். தவறான தடய அறிவியல் சாட்சியமும் அந்த வழக்கில் பெரும்பங்கு வகித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தச் சாட்சியத்தை மக்கள் அவ்வளவு எளிதாக நம்பியதற்கு வறண்ட கண்கள் ஒரு காரணம்.

அவிநாசியில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் திருப்புக்கொளியூர்த் (அவிநாசியின் பழைய பெயர்) தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை ஒலி. இரண்டு சிறுவர்கள் குளிக்கப் போனதில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் சடங்கு. பிள்ளையை இழந்த பெற்றோர் சுந்தரர் வந்திருப்பதை அறிந்து, துயரை மறைத்து, முகம் மலர்ந்து வந்து வணங்குகிறார்கள். அவர் நெகிழ்வது அங்கேதான்: பிள்ளையை இழந்த துயரையும் மறந்து நான் வந்ததற்கு மகிழ்கிறார்களே என்று. அதன் பிறகுதான் பதிகம் பாடி முதலை வாயிலிருந்து பிள்ளையை அழைக்கிறார். அழுகை அவரை நிற்கவைத்தது. அடக்கிய அழுகை உருகவைத்தது. கல்நெஞ்சு என்று எங்கள் ஊர் சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வறண்ட கண் ஒன்றுதான். சுந்தரருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது, எங்கள் ஊருக்குத் தெரியவில்லை.

ஆண்கள் அழுவது பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் உங்கள் அலுவலகத்தில் யாராவது அந்தப் பழமொழியைச் சொல்லியிருப்பார்கள்: அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், சோகப் படம் பார்க்கும்போது கண்ணீர் விட்ட ஆணைக் கூட இருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. அழாமல் இருந்த ஆணைவிட அதிகமாகவே. பெண்ணுக்கு இது தலைகீழாக வந்தது. ஆனால் அது சினிமா இருட்டு. வேலையிடம் என்று காட்சியை மாற்றி 2013இல் கேட்டபோது, அழுத ஆணுக்குத்தான் உணர்ச்சிவசப்படுகிறவர், திறமை போதாதவர் என்ற பெயர் கூடுதலாக விழுந்தது. 2019 செப்டம்பர் 7 அன்று, சந்திரயான் 2இன் லேண்டரோடு தொடர்பு அறுந்த காலையில், இஸ்ரோ தலைவர் சிவன் பிரதமர் தோளில் சாய்ந்து அழுததை நாடே பார்த்தது. நெகிழ்ந்தவர்களும் உண்டு, ஒரு நிறுவனத் தலைவர் கேமரா முன் அழலாமா என்று கேட்டவர்களும் உண்டு. என் வீட்டு வரவேற்பறையிலேயே இரு கட்சியும் இருந்தன.

போலிக் கண்ணீர் என்ற சந்தேகம் எப்போது எழும் என்பதும் உங்களுக்குத் தேவைப்படும். நீலிக் கண்ணீர் என்கிறோமே, அந்தப் பழையனூர்க் கதையில் நீலி அழுதது சபையின் முன்னால், ஒரு தீர்ப்பு வேண்டி. அவள் ஒரு பேய்; வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று சொல்லி அழுதாள். எழுபது வேளாளர்கள் அந்தக் கண்ணீரை நம்பி அவன் உயிருக்குப் பிணை நின்று, அவன் கொல்லப்பட்டதும் தீயில் இறங்க நேர்ந்தது. வள்ளுவரும் பகைவர் அழுத கண்ணீருக்குள் படைக்கலம் ஒளிந்திருக்கும் என்று எச்சரிக்கிறார். கவனியுங்கள், அதை அவர் வைத்தது கூடாநட்பு அதிகாரத்தில். அல்லற்பட்டவர் ஆற்றாது அழுத கண்ணீரைச் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று சொல்வதும் அவரே, அது கொடுங்கோன்மையில். ஒரே நீர், அதிகாரம் மாறினால் பொருள் மாறுகிறது. அழுவதால் அழுகிறவருக்கு உடனே ஒரு லாபம் கிடைக்கும் என்றால் பார்ப்பவர் கண்ணீரைச் சோதிக்க ஆரம்பித்துவிடுவார். தவறு யாருடையது என்று தீர்மானிக்கும் மீட்டிங்கில் வந்த கண்ணீருக்கு அந்த ஆபத்து இருக்கிறது. உங்கள் முதலாளி கனிந்ததைப் பார்த்தால் அவர் சந்தேகப்படவில்லை. சாயப்பட்டறை விஷயத்தில் உங்களோடு மல்லுக்கட்டியவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

(கண்ணீரின் வாசனையே எதிரில் இருப்பவரை மாற்றும் என்று யாராவது சொல்வார்கள். பெண்களின் கண்ணீரை முகர்ந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்ததாக 2011இல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வந்தது. அதில் பாலியல் ஈர்ப்பு குறைகிறது என்ற பகுதியை வேறொரு குழு சோதித்தபோது அது கிடைக்கவில்லை. உங்கள் மீட்டிங் அறைக்கு அது தேவையும் இல்லை.)

இனி நீங்கள் என்ன செய்யலாம். வேலையிடத்தில் அழுத பெண்களை உடன் பணிபுரிபவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் அமெரிக்காவில் எல்ஸ்பாக், பெச்கி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு உண்டு. ஒவ்வொருவர் மனத்திலும் 'இந்த இடத்தில் அழலாம், இந்த இடத்தில் கூடாது' என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டில் சாவு, அளவுக்கு மீறிய பளு, எப்போதோ ஒரு தடவை, எழுந்து வெளியே போய்விடுவது: இவற்றை மன்னிக்கிறார்கள். கூட்டத்தின் நடுவில், முடிவெடுக்கும் நேரத்தில், மறுபடி மறுபடி என்றால் பெயர் கெடுகிறது. உங்களுடையது நடுக்கூட்டத்தில் நடந்தது, ஆனால் ஒரே ஒரு தடவை. பெரிய சேதம் இல்லை.

அதைவிடப் பயனுள்ளது 2016இல் எலிசபெத் பெய்லி வுல்ஃப் முதலானோர் கண்டது. வேலையில் மனம் உடைந்ததைக் காட்டியவர், 'நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்' என்று சொன்னால் ஒரு மதிப்பீடு. 'இந்த வேலை சரியாக வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு அக்கறை' என்று சொன்னால் வேறு மதிப்பீடு. பின்னவரைத் திறமையானவராகப் பார்க்கிறார்கள். அழுகைக்குக் காரணம் நாம் சொல்லாவிட்டால் பார்த்தவர் தானே ஒன்றை எழுதிக்கொள்வார் என்று இவ்வளவு நேரம் சொன்னேன் அல்லவா, அந்த இடத்தை நீங்களே நிரப்பிவிடுவதுதான் இது. பொய் சொல்லத் தேவையில்லை. லாட் கெட்டதற்கு உடைந்து அழுகிறவர், அந்த லாட்டின்மேல் அக்கறை உள்ளவராகத்தான் இருக்க முடியும்.

ஆகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். மன்னிப்பு மறுபடியும் உங்களைத் தேற்ற வேண்டிய ஆளாக்கும். முதலாளி தனியாக இருக்கும்போது, சாயம் மாறியது எங்கே, இனி லாட்டை எந்தக் கட்டத்தில் ஷேடு பார்த்து நிறுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். 'இந்த ஆர்டர்மேல் நான் வைத்திருந்த அக்கறையால்தான் அன்று தாங்க முடியவில்லை. அடுத்த முறை பையரிடம் நானே பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டு, தாளை அவர் மேசையில் வையுங்கள். பாவம் என்று நினைத்து ஒதுக்கியவராக இருந்தால் நிம்மதியாகச் சரி என்பார். வேறு காரணம் இருந்தால் அதுவும் அப்போதே வெளியே வந்துவிடும். அழுததற்குச் சம்பந்தமே இல்லாத காரணமாகக்கூட இருக்கலாம்.

பையர் வரும் தேதி தெரிந்ததும், இரண்டு வாரம் முன்னதாகப் போய்ப் பேசுங்கள். முந்தின நாள் போனால் யார் எங்கே உட்காருவது என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.